இரண்டு முகம் மேலே

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தவன் நான். தேர்தல், தொழிற்சங்கம், சம்பளப் போராட்டம், மண்சரிவு, பிரஜாவுரிமை என்று எழுதிக் குவித்த தாள்களைச் சேர்த்தால் ஒரு லொறி நிறையும். ஆனால் கார்புரேட்டரைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு பழைய கடன். அது யாருக்கு, எதற்காக என்பதைப் போகப்போகச் சொல்கின்றேன்.

டிக்கோயாவை அறியாத வாசகர்களுக்காக ஓரிரு வார்த்தைகள். இலங்கையின் மத்திய மலைநாட்டில், ஹட்டன் நகரிலிருந்து மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் போகும் பாதையில், சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சிறிய ஊர். சுற்றிலும் தேயிலை மலைகள். சற்றுத் தள்ளிக் காசல்ரீ நீர்த்தேக்கம். புகையிரதம் 1884இல் ஹட்டனை எட்டிவிட்டது. ஆனால் ஹட்டனுக்கு அப்பால் தோட்டங்களுக்குப் போகக் காலும், மாடும், குதிரையும்தான். பின்னர் மோட்டார் வந்தது. துரைமாருக்கு மோட்டார் ஓர் ஆடம்பரம் அன்று. நாலு மலைக்கு அப்பால் இருக்கும் மற்றத் துரையைப் பார்க்கவும், கிளப்புக்குப் போகவும் அதைவிட்டால் வேறு வழியில்லை. 1950களிலும் 60களிலும் பெரிய கிளாக்கர், டாக்டர் ஐயா, கடை முதலாளிமார் வரை மோட்டார் இறங்கி வந்தது. அப்படி வந்தவற்றுள் நான் அதிகம் கண்டது மொரிஸ் மைனர்.

எங்கள் லயத்திலிருந்து பாடசாலைக்குப் போகும் வழியில் தகரக் கூரை போட்ட ஒரு கராஜ் இருந்தது. முதலாளி வேறொருவர். வேலை முழுவதையும் செய்தவர் ஒரு மெக்கானிக். நாங்கள் அவரை மாமா என்றே அழைப்போம். தோட்டத்தில் பிறந்து, கொழுந்து மூட்டை ஏற்றும் லொறியில் கிளீனராகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் பழகியவர். பாடசாலை விட்டதும் நான் அங்கேதான் நிற்பேன். திறந்துகிடக்கும் மோட்டாருக்குள் அவர் கை போவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. அதிலும் அவர் அதிகம் மரியாதையோடு தொடும் சாமான் ஒன்று உண்டு. தலைகீழாய்க் கவிழ்த்த கோவில் மணிபோல, மினுங்கும் உலோகத்தில், எஞ்சினின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் எஸ்.யூ. கார்புரேட்டர்.

கார்புரேட்டரின் வேலை சொல்வதற்கு எளியது. பெற்றோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்குள் அனுப்ப வேண்டும். ஏறத்தாழ பதினைந்து பங்கு எடைக் காற்றுக்கு ஒரு பங்கு எடைப் பெற்றோல். பெற்றோல் கூடினால் கறுப்புப் புகை. குறைந்தால் இருமல், சூடு, நின்றுபோதல். சிக்கல் என்னவென்றால் எஞ்சினின் பசி ஒரு நிலையில் நிற்பதில்லை. சும்மா நிற்கும்போது அது சிறிது காற்றை இழுக்கிறது. மலையேறும்போது பல மடங்கு இழுக்கிறது. காற்றுப்பாதையில் ஒரே அளவான ஒடுக்கம் வைத்துவிட்டால், மெதுவான ஓட்டத்தில் பெற்றோலை உறிஞ்ச அங்கே வேகம் போதாது. ஆகவே மெதுவான ஓட்டத்துக்கு ஒரு தனித் துளை, திடீரென்று மிதிக்கும்போது பீய்ச்ச ஒரு பம்ப் என்று மற்ற உற்பத்தியாளர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

ஜோர்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயர் வேறு விதமாய் யோசித்தார். இங்கிலாந்தின் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற பெயர்பெற்ற சப்பாத்து வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். எஞ்சினியராகப் படித்தவர் அல்லர். துளையை மாற்றாமல் ஒடுக்கத்தையே மாற்றினால் என்ன என்பது அவர் கேள்வி. எஞ்சின் அதிகம் இழுத்தால் ஒடுக்கம் தானாக விரிய வேண்டும். குறைத்து இழுத்தால் தானாகச் சுருங்க வேண்டும். 1904ஆம் ஆண்டளவில் அவர் செய்த முதற் கருவியில் அந்த ஏற்ற இறக்கத்தைச் செய்தது ஒரு தோல் துருத்தி. சப்பாத்துக்காரர் கைக்குத் தோல்தானே முதலில் அகப்படும்! 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவருடைய தம்பி தோமஸ் கார்லைல் ஸ்கின்னர், சுருக்கமாகக் கார்ல், இதில் முழுமூச்சாய் இறங்கினார். 1910இல் கம்பனி பதிவாயிற்று. எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர் யூனியன், குடும்பப் பெயர்தான்.

தோல் காயும், வெடிக்கும். ஆகவே முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் துருத்தி போய், அதனிடத்தில் மணிபோன்ற கூட்டுக்குள் ஏறி இறங்கும் உலோகப் பிஸ்டன் வந்தது. அந்தப் பிஸ்டனின் அடியில் நுனி நோக்கி மெலியும் ஓர் ஊசி தொங்கும். ஊசி, பெற்றோல் வரும் ஜெட் துளைக்குள் நிற்கும். பிஸ்டன் உயர்ந்தால் காற்றுக்கு வழி விரியும். அதே கணம் ஊசியும் உயர்ந்து, அதன் மெலிந்த பகுதி துளைக்குள் வருவதால் பெற்றோலுக்கும் வழி விரியும். ஒரு துளை, ஓர் ஊசி, ஒரு பிஸ்டன். பெரும்பாலானவற்றில் அந்தத் துளையின் விட்டம் 0.090 அங்குலம். ஊசியின் சரிவில்தான் சூட்சுமம் முழுவதும். அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக்கு ஒரு முறை விட்டம் அளந்து, நூற்றுக்கணக்கான வகை ஊசிகளைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தால் பெயர் வைத்தார்கள். பிஸ்டனின் தண்டுக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி வைத்தால், திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி எழாமல் நிதானமாய் எழும். அந்தக் கணத்தில் கலவை கொஞ்சம் தடிப்பாகி எஞ்சின் சட்டென்று வேகம் பிடிக்கும். மற்றவர்கள் தனிப் பம்ப் வைத்துச் செய்ததை இவர்கள் அரை மேசைக்கரண்டி எண்ணெயில் செய்துவிட்டார்கள்.

1926இல் கம்பனியை வில்லியம் மொரிஸ் வாங்கினார்; பிற்காலத்தில் நபீல்ட் பிரபு ஆனவர் இவரே. கார்ல் ஸ்கின்னர் 1948வரை அதன் பொறுப்பில் இருந்தார். அவருடைய மகள் பார்பராவும் மகன் பீட்டரும் 1930களில் ஷெல்ஸ்லி வால்ஷ் மலையேற்றப் பந்தயங்களில் ஓடிய புகழ்பெற்ற ஓட்டுநர்கள். அதே தசாப்தத்தில் எங்கள் நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயமும் தொடங்கிவிட்டது. மலையும் எஸ்.யூ.வும் ஆரம்பத்திலிருந்தே உறவுக்காரர்கள்தாம்.

வேகத்துக்குப் பெயர்போன வண்டிகளிலெல்லாம் அது ஏறியது. 1948இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.கே. 120இல் இரண்டு. 1951இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற சி-டைப் ஜாகுவாரிலும் எஸ்.யூ.தான். 1953இல் அதே பந்தயத்தை வென்ற சி-டைப்பில் இத்தாலிய வெபர் கார்புரேட்டர்கள் வந்துவிட்டன என்பதையும் நேர்மையாய்ச் சொல்ல வேண்டும். 1961இல் மினி கூப்பருக்கு ஒன்றே கால் அங்குல எஸ்.யூ. இரண்டு பூட்டினார்கள். எங்கள் ஊர் மொரிஸ் மைனர் 1000இல் இருந்தது ஏறக்குறைய அதேதான். இரண்டுக்குப் பதில் ஒன்று. ஜப்பானின் டட்சன் 240இசட் வண்டியில் ஹிட்டாச்சி செய்து பூட்டியதும் இதே தத்துவத்தில்தான். இன்றும் பல மோட்டார் சைக்கிள்களில் ஏறி இறங்கும் பிஸ்டன் ஸ்கின்னர் சகோதரர்களின் வழித்தோன்றல்.

ஆனால் இத்தனை சிறப்புக்கும் ஒரு குறை உண்டு. அது கடல் மட்டத்தை நினைத்துச் செய்யப்பட்டது.

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,270 மீட்டர் அளவு உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. எஸ்.யூ. பிஸ்டனுக்குக் காற்றின் இழுவை தெரியும், எடை தெரியாது. ஆகவே கொழும்பில் சரியாயிருந்த கலவை, கித்துல்கலை தாண்டி, கினிகத்தேனை ஏறி ஹட்டனுக்கு வரும்போது நூற்றுக்கு ஐந்தாறு பங்கு தடித்துவிடும். நுவரெலியாவில் இன்னும் மோசம். ஏற்கெனவே மெலிந்த காற்றில் மூச்சு வாங்கும் எஞ்சின், வீண் பெற்றோலையும் சேர்த்துக் குடித்து, ப்ளக் கறுத்து, கொண்டை ஊசி வளைவில் திணறும்.

இதே குறைக்கு ஆகாயத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்பயர் விமானத்தின் ரோல்ஸ் ரோய்ஸ் மெர்லின் எஞ்சினுக்கும் கார்புரேட்டர் செய்து கொடுத்தது எஸ்.யூ. கம்பனிதான். அது மோட்டாரில் உள்ள பிஸ்டன் வகை அன்று, வேறு அமைப்பு. உயரம் கூடக்கூடக் கலவையை மெலிதாக்க, காற்றழுத்தத்தை உணரும் ஓர் உலோகப் பெட்டகம் அதில் தானாக வேலை செய்தது. விமானம் தலைகுப்புறப் பாய்ந்தால் எஞ்சின் திக்கும் என்ற பெரிய குறையை, 1941இல் பியட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர் ஒரு சிறு துளையிட்ட தடுப்பை வைத்துப் பெருமளவு தீர்த்தார். அவருடைய பெயர் இன்று பொறியியல் வரலாற்றில் நிலைத்திருக்கின்றது.

மொரிஸ் மைனருக்கு அந்தப் பெட்டகம் இல்லை. டிக்கோயாவில் அந்தப் பெட்டகத்தின் வேலையைச் செய்தது மாமாவின் விரல்.

கார்புரேட்டரின் அடியில் ஜெட்டைத் தாங்கும் ஓர் அறுமுக நட்டு உண்டு. அதை மேலே திருகினால் ஜெட் உயர்ந்து கலவை மெலியும். கீழே திருகினால் தடிக்கும். முழுச் சுற்றெல்லாம் தேவையில்லை, முகக் கணக்கு. கொழும்பிலிருந்து புதிதாய் வந்த வண்டி புகை கக்கிக்கொண்டு கராஜுக்குள் நுழைந்தால், மாமா அதன் சத்தத்தை ஒரு நிமிடம் கேட்பார். "ரெண்டு முகம் மேல" என்பார். பிறகு பிஸ்டனை மயிரிழை அளவு தூக்கிப் பார்ப்பார். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் இன்னும் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கம்பனிக் கைநூலில் உள்ள முறைதான் இது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அவருக்கு அது எப்படி வந்தது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. கொழும்புக்கு இறங்கும் வண்டிக்கு, "போறதுக்கு முந்தி வாங்க ஐயா, ரெண்டு முகம் எறக்கி விடுறேன்" என்று சொல்லி அனுப்புவார்.

1968இல் ஒரு மழை இரவு. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டு, தோட்டத்து மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். லொறி வேறு தோட்டத்துக்குப் போயிருந்தது. அப்பா பெரிய கிளாக்கர் வீட்டுக்கு ஓடினார். அவர் மறுக்கவில்லை, ஆனால், "வண்டி ரெண்டு நாளா இருமுது, மெக்கானிக்கையும் கூட்டிக்கிட்டு வா" என்றார். மாமா சாரத்தோடு வந்து முன்னால் ஏறினார். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்தது. அதுவும் எஸ்.யூ. கம்பனியின் மின்பம்ப்தான். பாதி வழியில், ஒரு பக்கம் பள்ளமான வளைவில், எஞ்சின் நின்றது. பம்ப் அடித்துக்கொண்டே இருந்ததை நான் இன்றும் கேட்கின்றேன். அம்மாவின் முனகலும் அதோடு சேர்ந்து கேட்டது.

மாமா பொனட்டைத் திறந்தார். "தம்பி, லைட்ட நேராப் புடி" என்றார். கை நடுங்க டோர்ச்சைப் பிடித்தேன். பிஸ்டனை விரலால் தூக்கினார். அது கீழே விழவில்லை. "சிக்கியிருக்கு" என்றார். மணியைத் திருகாணி கழற்றி எடுத்து, பிஸ்டனை ஊசியோடு மேலே இழுத்தபோது அவர் மூச்சுவிடவில்லை. "ஊசி வளைஞ்சா அவ்வளவுதான்" என்றார், என்னிடமா தன்னிடமா தெரியாது. பெற்றோலில் சாரத்தின் நுனியை நனைத்துப் பிஸ்டனையும் மணியின் உட்புறத்தையும் துடைத்தார். திரும்பப் பூட்டி, பிஸ்டனைத் தூக்கி விட்டார். 'டக்' என்று ஒரு சிறு சத்தம். பிஸ்டன் தன் எடையில் தானே விழும் சத்தம். பத்து நிமிடம் ஆகியிருக்காது. விடியுமுன் டிக்கோயா ஆஸ்பத்திரியில் என் தங்கை பிறந்தாள்.

அந்த ஆண்டுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதியும் உதிரிப்பாக இறக்குமதியும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, இருந்த வண்டியை இருந்த சாமானோடு ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஊசியும் ஜெட்டும் ஒன்றோடொன்று உரசித் தேயும்; துளை வட்டம் குலையும். புதிது கிடைக்காது. மாமா ஜெட்டை மீண்டும் மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்து பூட்டுவார். நொறுங்கிய வண்டிகளின் ஊசிகளைத் தீப்பெட்டிக்குள் சேர்த்து வைத்து, விரலால் தடவிப் பார்த்து, எந்த வண்டிக்கு எது ஒத்துப்போகும் என்று பொருத்துவார். இவையெல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். வண்டி இலக்கம், எந்தத் தோட்டம், என்ன ஊசி, எத்தனை முகம், மேலேயா கீழேயா. பென்சிலில், தமிழில். உயரத்துக்கு உயரம், தோட்டத்துக்குத் தோட்டம் அதில் கணக்கு இருந்தது.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியதும், 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானதும் வாசகர்கள் அறிந்தவை. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிகுதிப் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வதாக ஏற்பாடு. 1973இல் மாமாவின் முறை வந்தது. ஹட்டன் ஸ்டேசனில் அவரை வழியனுப்பினோம். அந்தக் கோச்சியை எங்கள் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். கொப்பியைக் கராஜ் முதலாளியிடம் கொடுத்துவிட்டார். "வண்டியெல்லாம் இங்கதானே இருக்கு" என்றாராம். பின்னர் கராஜ் கைமாறியது. கொப்பி என்னவாயிற்று என்று யாருக்கும் தெரியாது.

1983க்குப் பிறகு நானும் சில ஆண்டுகள் சென்னையில் பத்திரிகை வேலை பார்த்தேன். 1986இல் தாயகம் திரும்பியோரின் நிலைமை பற்றி எழுத நீலகிரிக்கு அனுப்பப்பட்டேன். குன்னூருக்கு அருகே ஒரு குடியிருப்பில், பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, "டிக்கோயாத் தம்பியா?" என்று ஒரு குரல். தலை முழுவதும் நரைத்திருந்தது. பகலில் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டும் வேலை. பதிவேட்டில் அவர் தோட்டத் தொழிலாளி. ஆகவே தோட்ட வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழைய அம்பாசடர் டாக்சிகளுக்கு ரிப்பேர். என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு பொனட்டைத் திறந்து காட்டினார். அதே மணி. குன்னூரின் உயரம் 1,850 மீட்டர் அளவு, நுவரெலியாவுக்கு ஒப்பானது. "சமவெளியில இருந்து வர்ற வண்டிக்கெல்லாம் இங்க மூணு முகம் தேவைப்படுது தம்பி" என்றார். அந்த முகத்தில் நான் அதற்குமுன் கண்டிராத ஒரு மகிழ்ச்சி.

நான் எழுதிய கட்டுரை முழுப் பக்கம் வந்தது. ஒப்பந்த எண்ணிக்கைகள் இருந்தன. வீட்டுக்கடன், குடிநீர், கூலி எல்லாம் இருந்தன. அவர் அதில் 'கவ்வாத்துத் தொழிலாளி ஒருவர்' என்று ஒரு வரியில் வந்துபோனார். ஆசிரியபீடத்தில் யாரும் வெட்டவில்லை. நான்தான் எழுதவில்லை. ஒரு தொழில்நுட்பவியலாளனை இரண்டு நாடுகளும் கைகளாக மட்டும் எண்ணிக் கொடுக்கல் வாங்கல் செய்துவிட்டன என்பதே அங்கிருந்த செய்தி. அது என் கண்முன் பொனட்டைத் திறந்து காட்டியது. எனக்குத் தெரியவில்லை. சில ஆண்டுகளின் பின் அவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

புகைக் கட்டுப்பாட்டு விதிகளும், புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளும், கணினி கட்டுப்படுத்தும் பெற்றோல் பீய்ச்சல் முறையும் வந்தபின் புதிய வண்டிகளில் எஸ்.யூ.வின் காலம் 1990களில் முடிந்தது. காற்றின் எடையை இன்று ஒரு சிறு உணரி அளந்து கணினிக்குச் சொல்கின்றது. மலையேறினாலும் இறங்கினாலும் யாரும் நட்டைத் தொட வேண்டியதில்லை. 1996இல் அந்தப் பெயரை ஏற்ற பேர்லன் நிறுவனம் இங்கிலாந்தின் சொல்ஸ்பரி நகரில் பழைய வண்டிகளுக்காக அவற்றைத் தொடர்ந்து செய்து வருகின்றது. மொரிஸ் மைனருக்கு வேண்டிய உதிரிப்பாகங்களை 1990களில் இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியதும் நடந்தது. ஒரு காலத்தில் ஓர் ஊசிக்காகத் தீப்பெட்டியைத் துழாவிய நாடு இது.

அண்மையில் டிக்கோயாவுக்குப் போயிருந்தேன். கராஜ் இருந்த இடத்தில் தொலைபேசிக் கடை இருக்கின்றது. ஹட்டன் பாதையோரம், சுற்றுலாப் பயணிகளுக்காகப் புதுப்பித்த மொரிஸ் மைனர் ஒன்று பொனட் திறந்து நின்றது. கொழும்பிலிருந்து ஏறி வந்த வண்டி. முப்பது வயது மதிக்கத்தக்க மெக்கானிக் ஒருவர் குனிந்து, அடியில் கைவிட்டு நட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு தம்பி?" என்று கேட்டேன்.

"ரெண்டு முகம் மேல, ஐயா."

"யார் சொல்லித் தந்தது?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேள்வியே புதிதாய் இருந்திருக்க வேண்டும். "யாரும் சொல்லித் தரல்ல ஐயா. இங்க எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க" என்றார். பிஸ்டனைத் தூக்கி விட்டார். அது டக்கென்று விழுந்தது.